மறு: மார்பெலும்பின் மூன்று துண்டுகளுக்குப் பெயர்

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களே, வணக்கம்.

> மேல்துண்டு: பிடியெலும்பு. நடுத்துண்டு: வாளலகு. கீழ்நுனி: வாளுரு நீட்சி.

நெஞ்சின் நடுவில் இருக்கும் மார்பெலும்பின் மூன்று துண்டுகளுக்கு நீங்கள் முன்வைத்த இந்த மூன்று சொற்களையும் போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்து முதலுதவி வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஆட்கள், மீதி இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். பிடியெலும்பு ஒரே தடவையில் மனத்தில் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் நிற்கவில்லை.

லத்தீன்காரர்கள் இந்த எலும்பை ஒரு குட்டி வாளாகப் பார்த்தார்கள். மேலே கைப்பிடி, நடுவில் அலகு, கீழே கூர்நுனி. அவர்கள் கண்ணுக்கு அப்படிப் பட்டது, சரி. ஆனால் 'பிடி' நம்மிடம் வாள் இல்லாமலே நிற்கிறது. இரண்டு காறையெலும்புகளும் முதல் விலாவெலும்புகள் இரண்டும் வந்து பிடித்துக்கொள்ளும் இடம் அதுதானே. காறையெலும்பையே பாருங்கள். லத்தீனில் அது 'சிறு சாவி'. நாம் சாவியைத் தேடிப் போகவில்லை. கழுத்தில் அணியும் காறை எங்கே படிகிறதோ அந்த எலும்புக்கு அதன் பெயரையே வைத்துவிட்டோம்.

அலகில்தான் சிக்கல். சொன்னவுடனே ஒரு பையன், "நெஞ்சிலயுமா சார் அலகு குத்துவாங்க?" என்று கேட்டான். தைப்பூசம் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்பான்! பள்ளிப் புத்தகத்தில் வேறு அலகு என்றால் மீட்டர், கிலோ. அதோடு அந்த நடுத்துண்டில் கூர்மை எதுவும் கிடையாது, தட்டையானது. சிறு வயதில் நான்கு துண்டுகளாக இருந்து, பருவ வயதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஒட்டி, இருபத்தைந்து வயது வாக்கில் ஒரே எலும்பாகிறது. பலகைகளைச் சேர்த்து அடித்த மாதிரி. அதனால் 'நடுப்பலகை' என்றேன். இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடுகிறேன், பிடிவாதம் இல்லை.

கீழ்நுனியில் மட்டும் பிடிவாதம் உண்டு. வகுப்பில் எனக்கு அதிகம் தேவைப்படுகிற பெயர் அதுதான். இதயம் நின்றுபோன பெரியவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல் அமுக்க வேண்டும். ஆனால் அந்த நுனியில் கை படக்கூடாது. பட்டால் அது ஒடிந்து கல்லீரலைக் கிழிக்கலாம். பதற்றத்தில் இருப்பவனிடம் "வாளுரு நீட்சியைத் தவிர்க்க" என்று எப்படிக் கத்துவது?

இன்னொன்று, அது எல்லாருக்கும் வாள் மாதிரி இருப்பதும் இல்லை. சிலருக்கு இரண்டாகப் பிளந்திருக்கும், சிலருக்கு நடுவில் ஓட்டை, சிலருக்கு முன்பக்கம் வளைந்து துருத்தும். உடம்பு இளைத்தவுடன் அதைத் தடவிப் பார்த்துக் கட்டி என்று பயந்து வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். வடிவத்தை நம்பிப் பெயர் வைத்தால் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

எல்லாருக்கும் பொதுவானது ஒன்றுதான்: அது குருத்தாக, அதாவது வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பாகத் தொடங்குகிறது. நாற்பது வயதை ஒட்டித்தான் எலும்பாக இறுகுகிறது. ஆகவே 'கடைக்குருத்து'. கடைசியில் இருக்கிற குருத்து. செம்பனையில் குலை வெட்டுகிறவருக்குக் குருத்து என்றாலே தெரியும், அதில் கத்தி படக்கூடாது என்று. அன்றைக்கு "கடைக்குருத்துல கை வைக்காதே" என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரை அதட்டியபோது சொல் நின்றுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும்: எலும்பான பிறகும் குருத்தா? வீட்டில் கடைக்குட்டிக்கு அறுபது வயதானாலும் கடைக்குட்டிதானே ஐயா. விலாவின் குருத்தெலும்புகளோடு குழம்பும் என்றால், முன்னால் உள்ள 'கடை' அதைப் பார்த்துக்கொள்ளும்.

முழு எலும்புக்கு மார்பெலும்பு இருக்கட்டும். மலாயிலும் அதே பொருள்தான், தூலாங் டாடா. (பிள்ளைகள் 'டாடா' என்று கையசைத்துச் சிரித்ததில் பத்து நிமிடம் போனது.)

இனி எனக்கு ஒரு சொல் வேண்டும். பிடியும் பலகையும் சேரும் இடத்தில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படுமே, லூயி கோணம் என்பார்கள். இரண்டாம் விலா அங்கே வந்து சேருவதால் விலா எண்ணுவதை அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஈசிஜி எடுக்கும்போது முதல் இரண்டு நெஞ்சு மின்முனைகளை நான்காம் விலா இடைவெளியில் ஒட்டவும் அதுதான் வழி. 'எண்ணுமேடு' என்று ஒன்று தோன்றியது, ஆனால் காதுக்குச் சரியாக இல்லை. 'விலாமேடு' என்றால் விலாவில் இருப்பதாக நினைப்பார்கள். அடுத்த ஞாயிறு வகுப்புக்குள் யாராவது ஒன்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து