நரையை நம்பி மோசம் போன கதை

மெரினா மாமா:

மறக்க முடியாத ஓட்டம் எது என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது 2019 ஜனவரியில் ஓடிய ஒரு 10 கிலோமீட்டர். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைப்பதற்கு முந்தைய காமராஜர் சாலை.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எனக்கு 55 முடிந்தது. வயதானதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அதுவரை 45 வயதுப் பிரிவில் சின்னப் பையன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான் வந்து சேரும்போது அவர்கள் இட்லி சாப்பிட்டு முடித்திருப்பார்கள். 55-க்கு மேல் பிரிவில் நான்தான் கடைக்குட்டி. போன வருட முடிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். மூன்றாம் இடத்துக்கு 52 நிமிடம் சொச்சம். சரி, முடியும்.

ஒரே சிக்கல், நெஞ்சில் குத்தியிருக்கும் எண்ணில் வயது இருக்காது. யார் நம் போட்டியாள் என்று ஆளைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும்.

நேப்பியர் பாலத்தருகே கிளம்பி, சாந்தோம் தாண்டித் திரும்பி, அதே வழியில் வர வேண்டும். இருட்டு விலகுமுன்பே பனியன் தொப்பலாகிவிட்டது. ஜனவரியானாலும் கடலோரப் புழுக்கம் விடாது. போகும்போது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடி (5:20) என்று அடக்கி வாசித்தேன். திரும்பும்போது கலங்கரை விளக்கத்தருகே முன்னால் ஒரு தலை தெரிந்தது. தும்பைப்பூ போல வெள்ளை. மூன்றாம் இடம் அதோ ஓடுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

காந்தி சிலை வருவதற்குள் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். நானும் விடவில்லை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்பார்கள், எனக்கு 165. கைக்கடிகாரம் 171 காட்டியது. (அது சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை.) உழைப்பாளர் சிலை அருகே கறுகறுவென்ற தலையோடு ஒருவர் எங்கள் இருவரையும் தாண்டினார். சின்ன வயசு, போகட்டும் என்று ஒதுங்கி வழிகூட விட்டேன். கடைசி 300 மீட்டரில் வெள்ளைத் தலையை முந்தினேன். வாந்தி வராத குறை.

வெள்ளைத் தலை வந்து கை கொடுத்தது. "செம ஃபைட் சார்! நீங்க எந்த கேட்டகரி?" சொன்னேன். "எனக்கு 41 சார். பரம்பரை நரை. எங்கப்பாவுக்கும் முப்பதுலயே இப்படித்தான்."

மூன்றாம் இடத்துக்கு மேடை ஏறியவர் அந்தக் கறுப்புத் தலை. வயது 62. எனக்கும் அவருக்கும் 9 விநாடி. கிட்டத்தில் பார்த்தபோதுதான் வேர்வையில் டை கரைந்து காதோரமாக ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது தெரிந்தது.

திருச்சி ஓட்டக்காரன்:

டையை விடுங்கள் சார், வெள்ளை முடி என்றால் பிடித்துவிடலாம் என்று எப்படி நினைத்தீர்கள்? கனடாவின் எட் விட்லாக் 2004-இல் டொராண்டோ மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தபோது அவருக்கு 73 வயது. கிலோமீட்டருக்கு 4:09, அதுவும் 42 கிலோமீட்டருக்கு! வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தையே மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பழகிய மனிதர். காற்றில் பறக்கும் வெள்ளை முடிதான் அவருக்கு அடையாளம். உங்கள் கண்ணில் பட்டிருந்தால் துரத்தியிருப்பீர்கள்.

கோவை அக்கா:

உங்களுக்காவது 55 என்று ஒரு பிரிவு இருந்தது அண்ணா. நான் ஓடிய போட்டியில் பெண்களுக்கு 45-க்கு மேல் எல்லாரும் ஒரே கூடை. எனக்கு அப்போது 58. ஏன் என்று கேட்டால், "அந்த வயசுல லேடீஸ் வர்றதில்லை மேடம்" என்றார்கள். மறுவருடம் காலையில் என்னோடு நடக்கிற ஏழு பேரையும் பிடித்துப் பதிவு செய்ய வைத்தேன். பணமும் நானே கட்டினேன். 55-க்கு மேல் என்று தனிப் பிரிவு வந்தது. அதில் முதல் பரிசு வாங்கியது என் நாத்தனார். அதுவரை அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.