ஒரு வரி பேட்ச்சுக்கும் ஓட்டிப் பார்த்த விவரம் கேட்கலாமா?

பழையபெட்டி:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குச் சின்னச் சின்ன பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதில் நிறைய பேர் "கம்பைல் செய்து மட்டும் பார்த்தேன்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். அதாவது நிரலை இயந்திர வடிவுக்கு மாற்றியதோடு சரி, ஓட்டவில்லை. எனக்கு அது போதாது. எழுதியவரோ ரிவ்யூ செய்தவரோ, யாராவது ஒருவர் அந்த வரியை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் மெர்ஜ் ஆகக் கூடாது, கர்னலில் சேரவே கூடாது. ஏற்கெனவே வெளியான கர்னலுக்குத் திருத்தங்கள் போகிற ஸ்டேபிள் கிளையின் விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக் கூடாது. பார்த்ததுமே சரியென்று தெரிய வேண்டும். சோதித்தும் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம், மூன்றாவதை விட்டுவிடுகிறோம்.

கயல்:
இதை நான் ஏற்கவில்லை. கர்னலில் பாதி டிரைவர்களுக்கான (வன்பொருளை இயக்கும் நிரல்களுக்கான) வன்பொருள் பேட்ச் அனுப்புகிறவர் கையில் இருக்காது, பல நேரம் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் கையிலும் இருக்காது. ஃப்ளாப்பி டிரைவரைப் பாருங்கள். அதைக் கவனித்து வந்தவரிடம் வேலை செய்கிற ஃப்ளாப்பி வன்பொருளே இல்லாமல் போய், 2019 ஜூலையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஆளில்லாத டிரைவர் என்று குறித்துவிட்டார். ஆனாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வந்தபடிதான் இருந்தன. உங்கள் விதி இருந்தால் அவை எப்படி உள்ளே போயிருக்கும்?

அப்புறம் புதியவர்கள். இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் இருக்கிற ஸ்டேஜிங் அடைவில், எழுத்து நடையைச் சோதிக்கிற செக்பேட்ச் நிரல் காட்டுகிற குறைகளைச் சரிசெய்துதான் பலர் கர்னலுக்குள் நுழைகிறார்கள். இடைவெளியையும் அடைப்புக்குறியையும் திருத்துகிற பேட்ச்சுக்கு "எந்தக் கருவியில் ஓட்டினாய்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடி எட்டிப் பார்க்காது.

பழையபெட்டி:
இடைவெளி திருத்தத்துக்கு நான் கேட்கவில்லை. முன்னும் பின்னும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோப்பை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். ஃப்ளாப்பி உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. உண்மையான ஃப்ளாப்பி அரிதானாலும் க்யூஈஎம்யூ என்கிற போலிக் கணினி மென்பொருள் அதைப் போலி செய்து கொடுக்கிறது. அங்கே ஓட்டிப் பார்க்க என்ன தடை?

நள்ளிரவு:
இரண்டு பேரும் "ஓட்டினால் தெரிந்துவிடும்" என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். டெபியன் என்கிற லினக்ஸ் வழங்கலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற குறியாக்க நிரலகத்தில் தொடக்க மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிப்பதாக, நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் எச்சரித்தது. அதை நிறுத்த டெபியன் மெயின்டெய்னர் இரண்டு வரிகளைக் கமென்ட் ஆக்கி ஓடாமல் செய்தார். செய்வதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் அஞ்சல் குழுவில் கேட்கவும் செய்தார், பெரிய மறுப்பு எழவில்லை. 2006 செப்டம்பரில் அது தொகுப்பில் ஏறியது. இரண்டில் ஒரு வரியை எடுத்ததால் கெடுதல் இல்லை. மற்றதுதான் சீரற்ற எண்ணுக்கான மூலப்பொருளைக் கலக்கிற வரி. அது போனதும் மிச்சமிருந்த ஒரே மாறுபாடு பிராசஸ் எண். வழக்கமான அமைப்பில் அது 32,768 மதிப்புகளுக்குள் அடங்கிவிடும், அதனால் உருவாகும் சாவிகளை ஊகித்துவிடலாம். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. டெபியனிலிருந்து உருவான உபுண்டுவும் சேர்ந்து பாதிக்கப்பட்டது.

இப்போது சொல்லுங்கள், ஓட்டிப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? சாவி உருவானது, அந்தச் சாவியால் வேறு கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் இணைந்தது, வால்கிரைண்டும் அமைதியானது. எல்லாச் சோதனையும் பச்சை. அங்கே இல்லாமல் போனது அந்த வரி எதற்கு இருக்கிறது என்று தெரிந்த ஒருவரின் வாசிப்பு.

கயல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரிவ்யூவுக்கு இருக்கிற நேரமே குறைவு. அதை வாசிப்பில் செலவிடட்டும்.

பழையபெட்டி:
நள்ளிரவு சொன்ன சம்பவத்தில் சோதனை பிடித்திருக்காது, சரி. ஆனால் வாசிப்பு மட்டும் போதாது என்பதற்கு 2023 டிசம்பர் இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 என்கிற கோப்பு முறைமையில் ஒரு சின்னத் திருத்தம். முதன்மைக் கிளையில் கோப்பு முறைமை நிபுணர்கள் படித்து ஏற்றது, அங்கே அது சரியானதும்கூட. அதை ஸ்டேபிள் கர்னல் 6.1.64-க்கு எடுத்து வந்தபோது அது சார்ந்திருந்த வேறொரு மாற்றம் கூட வரவில்லை. இடைச் சேமிப்பைத் தாண்டி வட்டில் எழுதும் நேரடி எழுத்தில் கோப்பின் இடக்கணக்கு தவறி, தரவு கெடும் நிலை வந்தது. டெபியன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, சரிசெய்த கர்னலோடு 12.4 வந்தது. அந்த பேட்ச்சை எத்தனை பேர் உற்றுப் படித்தாலும் இது தெரியாது, ஏனென்றால் பிழை பேட்ச்சுக்குள் இல்லை. போய்ச் சேருகிற கிளையில் ஓட்டினால்தான் தெரியும்.

கயல்:
சரி, "போய்ச் சேருகிற கிளையில்" என்பதை ஏற்கிறேன். ஆனால் அது பேட்ச் எழுதியவரின் வேலை இல்லையே. ஸ்டேபிள் வெளியீட்டுக்கு முன் ரிவ்யூவுக்கு வழக்கமாக இரண்டு நாள் அவகாசம்தான். நூற்றுக்கணக்கான பேட்ச் ஒன்றாக வரும்போது அதைத் தானியங்கிச் சோதனைதான் செய்ய முடியும். கர்னல்சிஐ, இன்டெலின் சோதனை ரோபோ எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. அங்கே சோதனைகளைக் கூட்டச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். தனி ஆளின் வாசலில் வைக்காதீர்கள்.

பழையபெட்டி:
ரோபோ போகாத பாதைகள் இருக்கின்றன. சின்ன பேட்ச்சுகளில் பெரும்பகுதி, ஏதாவது தோற்றால் மட்டும் ஓடுகிற பிழைப் பாதையில் விழுகிறவை: "இங்கே நினைவகம் கசிகிறது, ஒரு கேஃப்ரீ சேர்த்தேன்" என்கிற வகை. கேஃப்ரீ என்பது நினைவகத்தை விடுவிக்கும் அழைப்பு. ஆனால் டெவ்எம் என்கிற, கருவியோடு கட்டிவைக்கும் வகையில் ஒதுக்கிய நினைவகம் கருவி கழன்றதும் தானே விடுவிக்கப்படும். அது தெரியாமல் கேஃப்ரீ சேர்த்தால் ஒரே நினைவகம் இரண்டு முறை விடுவிக்கப்படுகிறது. கசிவை அடைக்கப் போய் கர்னலையே விழவைக்கிற பேட்ச் அது. படிக்கும்போது நல்ல பேட்ச் போலவே இருக்கும்.

நள்ளிரவு:
மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வேண்டுமென்றே குறையுள்ள பேட்ச்சுகளை அனுப்பிப் பார்த்ததும் இந்த வகைதான், பிழைப் பாதைகளைத் திருத்துவது போன்ற சின்ன மாற்றங்கள். விஷயம் வெடித்ததும் 2021 ஏப்ரலில் கர்னல் மெயின்டெய்னர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே நிறுத்தினார். பழைய பேட்ச்சுகளையெல்லாம் மறுபடி உட்கார்ந்து படித்தார்கள். மெயின்டெய்னர்களின் நேரத்தை இப்படித் தின்றது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

கயல்:
பிழைப் பாதையை எப்படித்தான் ஓட்டச் சொல்கிறீர்கள்? அது நடக்கவே நடக்காதே.

பழையபெட்டி:
நடக்க வைக்கலாம். கர்னலுக்குள்ளேயே பிழையைப் புகுத்தும் வசதி இருக்கிறது. அதில் ஒன்றான ஃபெயில்ஸ்லாபை இயக்கினால் நினைவக ஒதுக்கீடு வேண்டுமென்றே தோற்கும். கூடவே நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேஏசானை இயக்குங்கள், இரண்டு முறை விடுவித்தால் அது கத்தும். கம்பைல் செய்த கர்னலை விர்ட்மி-என்ஜி என்கிற மென்பொருளை வைத்து க்யூஈஎம்யூவில் பூட் செய்யச் சொந்தக் கணினியே போதும்.

கயல்:
க்யூஈஎம்யூ போலி செய்யாத கருவிக்கு?

பழையபெட்டி:
அப்போது "ஓட்டவில்லை, இன்ன காரணம்" என்று, பேட்ச் அஞ்சலில் விளக்கத்துக்குப் பின் வரும் மூன்று கோட்டுக்குக் (---) கீழே எழுதட்டும். அது கர்னல் வரலாற்றில் பதிவாகும் கமிட்டில் ஏறாது, ரிவ்யூ செய்பவர் மட்டும் பார்ப்பார். ஓட்டியிருந்தால் எந்தக் கிளை, என்ன செய்து பார்த்தேன் என்று அங்கேயே இரண்டு வரி.

கயல்:
எழுதச் சொல்லுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. எழுதாத பேட்ச்சைத் திருப்பி அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன். முதல் பேட்ச் அனுப்புகிறவருக்கு மெயின்டெய்னர் ஒருமுறை கேட்டு, விர்ட்மி கட்டளையையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் பதில் வராவிட்டால் மட்டும் ஒதுக்குங்கள்.

பழையபெட்டி:
ஸ்டேஜிங்குக்கு அப்படியே இருக்கட்டும். கோப்பு முறைமைக்கும் நினைவக மேலாண்மைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே விவரம் இல்லாத பேட்ச் முதல் நாளே திரும்பிப் போகட்டும்.