இன்டு தி டீப்: கூட்டணியில் இரண்டுமே பாஸ்கெட் ரோபோ என்றால் எப்படிப் பிரிப்பது?

பாஸ்கெட்_டிரைவர்
கேள்வி எஃப்டிசி (மாணவர்களுக்கான ரோபோ போட்டி) 2024-25 சீசன் ஆட்டமான இன்டு தி டீப் பற்றியது. இதில் இரண்டு டீம் சேர்ந்து ஒரு கூட்டணி. எங்கள் ரோபோ உயர பாஸ்கெட்டில் சாம்பிள் (சின்ன பிளாஸ்டிக் கட்டை) போடுவதில் வேகம். ஸ்பெசிமனும் (கிளிப் போட்ட சாம்பிள்) மாட்டும், ஆனால் மெதுவாகத்தான். கூட்டணிக்கு வருகிற டீமும் பெரும்பாலும் பாஸ்கெட் டீமாகவே அமைந்துவிடுகிறது. இரண்டு பேரும் சப்மெர்சிபிளில் (சாம்பிள் கிடக்கும், களத்தின் நடுவிலுள்ள அமைப்பு) ஒரே பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம், அப்புறம் பாஸ்கெட் இருக்கும் மூலையில் ஒருவர் லிஃப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நகரும்வரை இன்னொருவர் பின்னால் காத்துக் கிடக்கிறார். மேட்சுக்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் யார் எங்கே நிற்பது என்று எப்படிப் பேசி முடிக்கிறீர்கள்?

லிஃப்ட்_மெக்கானிக்
ஒருவர் ஸ்பெசிமனுக்குப் போயே ஆக வேண்டும், வேறு வழியில்லை. உயர பாஸ்கெட் 8 பாயிண்ட், உயர சேம்பர் (சப்மெர்சிபிளில் ஸ்பெசிமனை மாட்டும் கம்பி) 10. மெதுவாக மாட்டினாலும் சரி, வரிசையில் நிற்பதற்கு அது மேல். யார் போவது என்பதை ஆட்டோவை (ரோபோ தானாக ஓடும் தொடக்கப் பகுதி) வைத்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஆட்டோவில் போட்டது அப்படியே இருந்தால் டெலிஆப் (டிரைவர் ஓட்டும் பகுதி) முடிவில் இன்னொரு முறையும் எண்ணப்படும். பாஸ்கெட் பக்கம் தரையில் இருக்கும் மூன்று மஞ்சள் சாம்பிளையும் கையிலிருக்கும் ஒன்றையும் தவறாமல் போடுகிற ரோபோ அங்கேயே இருக்கட்டும். மற்றவர் அப்சர்வேஷன் ஸோன் (ஹியூமன் பிளேயர், அதாவது டீம் ஆள், சாம்பிளில் கிளிப் போட்டு ஸ்பெசிமன் ஆக்கும் இடம்) பக்கம் தொடங்கி, கையில் இருக்கும் ஸ்பெசிமனை மாட்டிவிட்டு, அந்தப் பக்கத்தில் இருக்கும் உங்கள் கூட்டணிக் கலர் சாம்பிள் மூன்றையும் ஸோனுக்குள் தள்ளிவிட்டால் டெலிஆப் தொடங்கும்போதே சரக்கு தயார்.

கோச்_அக்கா
தம்பி சொல்வது சரி. ஆனால் பிரித்த பிறகும் மோதல் வரும். பாஸ்கெட் ரோபோ, மேட்ச் கடைசியில் ஏறித் தொங்குகிற கம்பி இருக்கும் பக்கத்திலிருந்துதான் சாம்பிள் எடுக்க வேண்டும், சேம்பருக்கு முன்னால் குறுக்கே போகவே கூடாது. அது ஸ்பெசிமன் ரோபோவின் பாதை. மஞ்சளை மட்டும் எடுங்கள், உங்கள் கலரைத் தொடாதீர்கள், அது ஸ்பெசிமனுக்கு வேண்டும். ஒரு கூட்டணிக்கு 20 கலர் சாம்பிள்தான், மஞ்சளோ பொதுவில் 40 இருக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ரோபோ ஸோனுக்குள் இருக்கும்போது ஹியூமன் பிளேயர் கை வைக்க முடியாது. சாம்பிளைப் போட்டுவிட்டு ஒரு சக்கரம் கோட்டுக்கு உள்ளே நின்றாலும் அவர் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். டிரைவருக்கு அந்த மூலை சரியாகத் தெரியாது, அதனால் "வெளியே வந்தாச்சு" என்று கத்துகிற வேலையைக் கோச் எடுத்துக்கொள்ளட்டும்.

பாஸ்கெட்_டிரைவர்
நன்றி அக்கா. கூட்டாளிக்கு ஸ்பெசிமன் சுத்தமாக வராது, எங்களுடையதும் அன்றைக்கு மக்கர் பண்ணுகிறது என்றால்?

லிஃப்ட்_மெக்கானிக்
அப்படியென்றால் ஒருவர் கம்பிப் பக்கம், இன்னொருவர் சேம்பருக்குக் கீழே, ஆளுக்கொரு பக்கமாக எடுங்கள். நீட்டினால் ஒவ்வொரு ரோபோவும் 42 இன்ச் வரை போகும், ஒரே பக்கம் நின்றால் கைகள் சிக்கிக்கொள்ளும். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் போடுகிற மாதிரி முதல் சுற்றிலேயே அரைச் சுற்று தள்ளி ஆரம்பியுங்கள். இந்த மாதிரி மேட்சில் கடைசியில் ஏறுவதற்கும் மதிப்பு கூடும். லெவல் 2 ஏறினால் (தரையைத் தொடாமல் கம்பியில் தொங்கினால்) 15, அதாவது இரண்டு சாம்பிளைவிட ஒன்று குறைவு. தனியாக ஓடும்போது அந்த நேரத்தில் மூன்று சாம்பிள் போட முடியும் என்றால் ஏறுவது நஷ்டம், ஆனால் மூலையில் வரிசை நிற்கிறதென்றால் ஒருவர் முன்கூட்டியே போய்த் தொங்கிவிடலாம், மற்றவருக்குப் பாஸ்கெட் முழுக்கக் காலியாகக் கிடைக்கும்.