மலைநாட்டுக்கு வேன் பயணம், மூன்று பிள்ளைகள்: எந்தப் பாதை நல்லது?

களுவாஞ்சிக்குடி மாமி:
ஆகஸ்ட் லீவுக்கு மலைப்பக்கம் போக யோசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது, வீல் செயார்தான். அக்காவின் மகளுக்கு 16. பார்வை மிகக் குறைவு, கிட்ட வைத்தால்தான் தெரியும். தம்பியின் மகனுக்கு 13. அவனுக்குக் கால் ஓயாது, எதைக் கண்டாலும் ஏறுவான். வளைவு ரோட்டில் மகனுக்குச் சத்தி வரும். செங்கலடி, மகா ஓயா வழியாகப் போவதா, அம்பாறை வழியாகவா? நுவரெலியாவில் தங்குவதா? ஒருவர் வேடிக்கை பார்க்க மற்ற இருவரும் வேனுக்குள் காத்துக் கிடக்கிற பயணம் எனக்கு வேண்டாம்.

கல்லடி வேன்காரன்:
அக்கா, மகா ஓயா வழி பிபிலை வரைக்கும் சுகம். அதற்குப் பிறகு லுணுகலை, பசறை என்று பதுளை மட்டும் வளைவுதான். உங்கள் மகனுக்கு அது சரிவராது. காரைதீவால் திரும்பி அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனறாகலை, வெல்லவாய என்று போங்கள். வெல்லவாய வரைக்கும் பெரிய ஏற்றம் இல்லை. ஏற்றம் முழுக்கக் கடைசியில் வருவதால், வெல்லவாயவில் இறங்கி முகம் கழுவி, வயிறு ஆறிய பிறகு ஏறலாம். ஏறும்போது எல்ல ரோட்டைப் பிடியுங்கள், இராவணா நீர்வீழ்ச்சி ரோட்டோரத்திலேயே இருக்கு. திரும்பும்போது அப்புத்தளை, பெரகலை, கொஸ்லாந்தை. அங்கே தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் உயரம், அதுவும் ரோட்டிலிருந்தே தெரியும். ஆகஸ்டில் தண்ணீர் மெலிந்துதான் விழும், சொல்லிவிட்டேன்.

மகனை முன் சீட்டில் இருத்துங்கள், போன் பார்க்க விடாதீர்கள். டிரைவரிடம் இறக்கத்தில் சின்ன கியரில் வரச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நிந்தவூர் பிசியோ:
தங்குவதற்கு நுவரெலியாவை விட்டு பண்டாரவளையைப் பாருங்கள். நுவரெலியா 1,868 மீட்டர், இரவுக் குளிர் கடுமை. கால் இறுகும் பிள்ளைகளுக்குக் குளிர் பட்டால் இறுக்கம் கூடும். மகனுக்கும் அப்படியென்றால் காலையில் செயாரில் ஏற்றவே பெரும்பாடாகிவிடும். பண்டாரவளை அந்தளவு குளிராது. நுவரெலியாவுக்குப் பகலில் போய் வரலாம். விக்டோரியா பூங்காவும் கிரகரி வாவிக் கரையும் பெரும்பாலும் சமதரை, செயார் ஓடும். ஹக்கல பூங்கா சரிவு, தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்.

வேனிலும் நிற்கும் இடமெல்லாம் மகனைக் கொஞ்சம் தூக்கி இருத்துங்கள், ஒரே இருப்பில் தோல் புண்ணாகும். செயாரைக் கடைசியாக ஏற்றுங்கள், அப்போதுதான் முதலில் இறங்கும். பெட்டிகளுக்கு அடியில் போனால் டொயிலெட்டுக்கு நிறுத்தும்போது பாதிச் சாமானை ரோட்டில் இறக்க வேண்டி வரும். அறை பிடிக்கும்போது ‘வீல் செயார் வரலாமா’ என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

பார்வை குறைந்த மகளுக்குத் தேயிலைத் தொழிற்சாலை நல்லது. வாடப் போட்ட கொழுந்தைத் தொட்டுப் பார்க்கலாம், அந்த வாசனைக்கே போகலாம். படி இருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி மாமி:
பண்டாரவளைதான், முடிவு செய்துவிட்டேன். ஆனால் சின்னவன்? அவனுக்கு ஒரு மலையாவது ஏற வேண்டுமாம்.

கல்லடி வேன்காரன்:
எல்லவில் சின்ன சிவனொளிபாத மலை இருக்கு, கஷ்டமில்லாத ஏற்றம். விடியவே தகப்பனோடு அனுப்புங்கள், மற்ற இருவரும் அந்த நேரம் நித்திரை கொள்ளட்டும். ஒருவரும் காத்திருக்க வேண்டாம். அப்புத்தளையில் மட்டும் தொப்பி கவனம், அந்த மாதம் கச்சான் (தென்மேல்) காற்று அடித்துத் தள்ளும்.

களுவாஞ்சிக்குடி மாமி:
சரி தம்பி. வேனில் செயாரை ஏற்றச் சாய்வுப் பலகை ஒன்று அடிக்க வேணும். கல்முனைப் பக்கம் யாராவது செய்கிறார்களா?