கனடாவில் வீட்டிலிருந்தே சின்னதாக ஒரு தொழில்: முதலில் பிள்ளைகளின் டைம்டேபிளை எடுங்கள்

டொராண்டோ பக்கம் புதிதாக வரும் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது இது: ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது, இன்னொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து ஏதாவது செய்ய முடியுமா? முடியும். ஆனால் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது டிஃபின் சர்வீஸ்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் பிள்ளைகள் நான்கு வயதிலேயே ஜூனியர் கிண்டர்கார்டனுக்குப் போய்விடுவார்கள். முழு நாள் வகுப்பு, கட்டணம் கிடையாது. காலை ஒன்பது வாக்கில் விட்டால் மதியம் மூன்றரை வாக்கில் கூட்டிவர வேண்டும். இடைப்பட்ட அந்த ஆறு மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. டிஃபின் சர்வீஸுக்கோ மாலை நான்கிலிருந்து ஏழுவரைதான் உச்ச நேரம். பிள்ளை பசியோடு வந்து நிற்கும்போது நீங்கள் இருபது டப்பாவுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். பனி கொட்டினாலும் டெலிவரி நிற்காது, காய்ச்சல் வந்தாலும் லீவு கிடையாது. போதாததற்கு, சுடச்சுடச் சமைத்து விற்கும் சாப்பாட்டுக்கு உணவகச் சமையலறைக்கு உண்டான விதிகள் அத்தனையும் பொருந்தும். பேஸ்மென்ட் வீட்டு அடுப்பில் அதெல்லாம் நடக்காது.

எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதலில் விசாவைப் பாருங்கள். பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) அல்லது ஓப்பன் வொர்க் பர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) இருந்தால் சொந்தத் தொழில் செய்யலாம். ஒரே முதலாளியின் பெயர் போட்ட பர்மிட் என்றால் கூடாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளிக் கணக்கு முறையில், கனடாவில் வேலை செய்த அனுபவத்தைக் காட்டும் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் வழியாக பி.ஆர். போட நினைப்பவர்களுக்கு, இங்கே சொந்தமாகத் தொழில் செய்த காலம் அனுபவக் கணக்கில் சேராது. அந்தப் புள்ளிகளை நம்பி இருப்பவர் சம்பள வேலையை விட்டுவிட்டு முறுக்குச் சுடப் போகக் கூடாது.

டிஃபினை விட்டால் வேறென்ன? சீக்கிரம் கெடாத பண்டங்கள். 2020 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில், வீட்டில் தயாரிக்கும் ஆபத்துக் குறைந்த உணவுகளுக்குச் சில விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள். ரொட்டி, பிஸ்கட், ஜாம், ஊறுகாய் போன்ற, இறைச்சி சேராத, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத வகைகள். இவற்றுக்குத் தனிக் கைகழுவும் தொட்டி, கடைகளில் இருக்கிற மாதிரிப் பாத்திரம் கழுவும் வசதி, உணவு கையாளும் சான்றிதழ் எதுவும் கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் ஊர்ப் பொது சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். டொராண்டோவுக்கு டொராண்டோ பப்ளிக் ஹெல்த். பிராம்ப்டன், மிசிசாகாவுக்கு பீல் பப்ளிக் ஹெல்த். அவர்கள் வந்து பார்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று என்ன செய்யப்போகிறீர்களோ அதை எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பூண்டுத் தொக்கு மாதிரி, பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் வகைகளைக் கேட்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமிக்கு அது வசதியான இடம்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜன்னலைத் திறக்க முடியாத ஜனவரியில் மிளகாய் வறுத்தால் ஸ்மோக் அலாரம் அலறும், மேல் மாடிக்காரர் இருமிக்கொண்டே இறங்கி வருவார். அப்போது சமாதானம் சொல்வதைவிட முன்பே சொல்லிவிடுவது மேல். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சி இங்கே 120 வோல்ட்டில் சரியாக ஓடாது. 110 வோல்ட் மாடல் நம் கடைகளிலேயே கிடைக்கிறது, பொடித் தொழிலுக்கு அதுதான் முதல் செலவு.

இப்போது வாரத்தைப் பிரிப்போம். என் வீட்டு முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு எட்டு மணியோடு வாட்ஸ்அப்பில் ஆர்டர் முடிந்தது. திங்கள் காலை சாமான் வாங்குவது. செவ்வாய், புதன் வறுப்பதும் பொரிப்பதும், இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவேன். வியாழன் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுவது. வெள்ளி பத்திலிருந்து இரண்டுவரையும், வேலைக்குப் போகிறவர்களுக்காக ஆறிலிருந்து ஏழுவரையும் வீட்டு வாசலில் பிக்கப். பணம் ஆர்டர் கொடுக்கும்போதே இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்புவது) வந்துவிட வேண்டும். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு. டெலிவரி கிடையாது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். "அக்கா, நாளைக்கே ரெண்டு கிலோ மிக்சர் வேணும், விருந்தாளி வர்றாங்க" என்று இரவு பத்து மணிக்கு மெசேஜ் வரும். "அடுத்த வாரம்தாம்மா" என்று சொல்லப் பழக வேண்டும். பழகாவிட்டால் இந்தத் தொழிலும் டிஃபின் சர்வீஸாகிவிடும்.

ஜூலையும் ஆகஸ்டும் பள்ளி கிடையாது. மார்ச்சில் ஒரு வாரம் விடுமுறை, நடுநடுவே பி.ஏ. டே என்று ஆசிரியர்களுக்கான நாட்கள். பள்ளி வாரியத்தின் காலண்டரை எடுத்து அந்த நாட்களைச் சுற்றி வளைத்து, அந்த வாரங்களில் ஆர்டர் பாதி அல்லது பூஜ்யம் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே பட்டியலை மூடிவிட வேண்டும். அந்த ஒரு மாதத்தில் வரும் பணம் கோடைக்காலக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

விலை வைப்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். மாவு, எண்ணெய், பாக்கெட் எல்லாவற்றையும் கூட்டுவார்கள், தங்கள் உழைப்புக்கு மட்டும் பூஜ்யம் போடுவார்கள். ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். ஐந்து மணி நேரம் நின்று 40 பாக்கெட் முறுக்குச் சுட்டால் கூலி மட்டும் 88 டாலர், அதாவது பாக்கெட்டுக்கு 2.20. அதைச் சேர்க்காத விலையில் விற்றால் பிள்ளைகளின் நேரத்தை எடுத்து வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பதிவு சுலபம். உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் ஆன்லைனில் 60 டாலர், ஐந்து வருடம் செல்லும். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளின் மொத்த விற்பனை 30,000 டாலரைத் தாண்டாதவரை எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரியை வசூலிக்க வேண்டிய கட்டாயமில்லை. தாண்டினால் ஒன்டாரியோவில் 13 சதவீதம். அப்போது கவனிக்க வேண்டியது: அரிசி, பருப்பு போன்ற அடிப்படை மளிகைக்கு வரி பூஜ்யம், சிப்ஸ், உப்புப் போட்ட நட்ஸ் போன்ற நொறுக்குத் தீனிக்கு உண்டு. உங்கள் பண்டங்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

வருமான வரியில் பலரை அசத்துவது சி.பி.பி. என்ற அரசு ஓய்வூதியச் சந்தாதான். சம்பளக்காரருக்குப் பாதியை முதலாளி கட்டுவார். சொந்தத் தொழிலில் இரண்டு பாதியும் நம் தலையில், மொத்தம் 11.9 சதவீதம். முதல் 3,500 டாலரைக் கழித்துவிடுவார்கள். வருட லாபம் 20,000 டாலர் என்றால் சுமார் 1,960 டாலர். வரும் பணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் வேறு கணக்கில் ஒதுக்குங்கள். படிவம் கொடுக்க ஜூன் 15வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்கு ஏப்ரல் 30தான் கெடு. பில்களை ஆறு வருடம் வைத்திருங்கள். "கையில் வாங்கினால் கணக்கில் காட்ட வேண்டாம்" என்று சொல்கிற மாமாக்கள் எல்லா விசேஷத்திலும் இருப்பார்கள். சட்டப்படி அது தப்பு. அதோடு, நாளைக்கு வீட்டுக் கடனுக்கு வருமானச் சான்று கேட்கும்போது அவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

வீட்டு இன்ஷூரன்ஸ்காரரிடமும் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், சாதாரண பாலிசியில் இது பெரும்பாலும் அடங்காது.

அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறவர்களுக்கு ஒன்று. பி.ஆரோ குடியுரிமையோ இருந்தால், சொந்தத் தொழில் செய்பவரும் மகப்பேறு உதவித்தொகைக்காக இ.ஐ. என்ற அரசு வேலைக் காப்பீட்டில் விருப்பப்பட்டுச் சேரலாம். சேர்ந்து 12 மாதம் கழித்துத்தான் கேட்க முடியும் என்பதால் கர்ப்பம் உறுதியான பிறகு பதிந்தால் நேரம் பத்தாது. ஒரு தடவை உதவித்தொகை வாங்கிவிட்டால் சொந்தத் தொழில் நடக்கிறவரை பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.