திருமணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போது: கூட்டுப் பெயரில் ஃபிளாட், வீட்டுக் கடன்

மழைச்சாரல் (கேள்வி):
6 வருடம் சேர்ந்து வாழ்ந்தோம், திருமணம் செய்துகொள்ளவில்லை. இப்போது சண்டையில்லாமல் பிரிகிறோம். ஃபிளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது. பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதவில்லை. முன்பணத்தில் முக்கால்வாசி நான் போட்டது. வீட்டுக் கடனும் இருவர் பெயரில்தான். ஃபிளாட்டை அவரே வைத்துக்கொண்டு என் பங்குக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமா?

பத்திரக்காரர்:
போதாதுங்க. பங்கை விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரமாகப் பதிவாக வேண்டும். பதிவாகாத தாளால் உரிமை மாறாது.

பங்கு விகிதத்துக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 45 பார்க்க வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. போட்டது எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால் சரிபாதி. அதனால் முன்பணம் போன நாளின் வங்கி அறிக்கையை இன்றே எடுத்து வையுங்கள். தவணை எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதையும் சேர்த்து.

பலர் தவறுவது வரிசையில்தான். விடுதலைப் பத்திரத்தை முதலில் பதிந்துவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள். அவருடைய வருமானம் மட்டும் கடனுக்குப் போதாது என்று வங்கி சொன்னால் உங்கள் பெயர் கடனில் அப்படியே நிற்கும். வீடு போயிருக்கும், முழுக் கடனுக்கும் பொறுப்பு இருக்கும். ‘இனி தவணை நான் கட்டுகிறேன்’ என்று அவர் உங்களுக்கு எழுதித் தந்தது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சரியும். முதலில் வங்கியிடம் உங்களைக் கடனிலிருந்து விடுவிக்கும் எழுத்துபூர்வ ஒப்புதல், பிறகு பதிவு. வங்கி மறுத்தால் அவர் தனி ஆளாக வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். அதுவும் முடியாவிட்டால் விற்றுப் பிரிப்பதுதான் வழி.

கணக்குப்பிள்ளை:
வருமான வரியில் ‘உறவினர்’ பட்டியலில் கணவன், மனைவி உண்டு. சேர்ந்து வாழும் துணை இல்லை. அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரே நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வாங்கினால் முழுத் தொகைக்கும் வரி. ஆகவே அவர் தருவது ஃபிளாட் பங்குக்கான விலை என்று பத்திரத்திலேயே தொகையோடு எழுதுங்கள், வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். அப்போது அது மூலதன ஆதாயக் கணக்கில் வரும், அதாவது சொத்து விற்ற லாபமாக. குடும்பத்தாருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகையையும் நம்ப வேண்டாம்; தொகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

மழைச்சாரல்:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று விட்டுப்போனது. அவர் பெயரில் வாங்கிய மனைக்கு 2 வருடம் முன்பு 4 லட்சம் கொடுத்தேன். அதில் எனக்குப் பங்கு உண்டா?

பத்திரக்காரர்:
இதில் கவனம். ‘பணம் என்னுடையது, பெயர் மட்டும் அவருடையது’ என்று வழக்குப் போட்டால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். கணவன் அல்லது மனைவி பெயரில் தன் வருமானத்தில் வாங்குவதற்கு அதில் விலக்கு உண்டு, துணைக்கு இல்லை. அந்தப் பணம் உண்மையிலேயே கடனாகக் கொடுத்தது என்றால் கதை வேறு: கொடுத்த நாளிலிருந்து பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்கூட முழுதாக இருக்காது. அதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும்.

கருப்பு அங்கி:
சுமுகம் கெட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, ‘திருமணத்தை ஒத்த உறவில்’ இருக்கும் பெண்ணையும் காக்கிறது. அதற்கான அளவுகோலை 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இருவரும் வெளியுலகில் தம்பதிபோல் வாழ்ந்திருக்க வேண்டும், திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், சட்டப்படி மணக்கத் தடை இருக்கக் கூடாது, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியேற்றினால் பிரிவு 19-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் குடியிருப்பு ஆணை கேட்கலாம். ஒரே முகவரி காட்டும் ஆவணங்களை அழித்துவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கு, காப்பீடு, வைப்புநிதி எல்லாவற்றிலும் நாமினி பெயரையும் மாற்றுங்கள். பிரிந்துவிட்டீர்கள் என்பதால் அது தானாக மாறாது.