ரீகால் மனு தள்ளுபடி: ரிவிஷனா, 528-ஆ, அப்பீல் வரை பொறுப்பதா?

கேள்வி
மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்கு. அ.சா.3 (அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி) முதல் விசாரணை முடிந்த அன்று எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வக்கீல் வரவில்லை. ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று பதிவாகிவிட்டது. சாட்சியைத் திரும்ப அழைக்கக் கேட்ட மனுவும் (ரீகால்; பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 348, பழைய சட்டத்தில் 311) தள்ளுபடி. செசன்ஸில் ரிவிஷன் (சீராய்வு மனு) போடலாமா? தண்டனையானால் அப்பீலில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில் 1
ரிவிஷன் நிற்காது. இடைக்கால உத்தரவுக்கு எதிரான ரிவிஷனுக்கு பிஎன்எஸ்எஸ் 438(2) தடை. 311 மனு மீதான உத்தரவு அந்த ரகம்தான் என்று சேதுராமன் எதிர் ராஜமாணிக்கம் (2009) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் 528 (அதன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கோரும் மனு) போடுங்கள். கூடவே ஸ்டே மனுவும் வேண்டும். 528 நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கீழ்க் கோர்ட் காத்திருக்காது. தீர்ப்பு வந்துவிட்டால் மனு செத்துப்போகும்.

பதில் 2
சரிதான், ஆனால் ‘இடைக்கால’ என்ற முத்திரையை எல்லா உத்தரவுக்கும் குத்திவிடக் கூடாது. மது லிமாயே வழக்கு (1977) தந்த சோதனை எளிது: எதிரியின் ஆட்சேபனை ஏற்கப்பட்டிருந்தால் வழக்கே முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால் ரிவிஷன் உண்டு, கெடு 90 நாள். ரீகால் ஏற்கப்பட்டால் வழக்கு முடியாது, நீளத்தான் செய்யும்.

பதில் 3
அப்பீலிலும் இதை எடுக்கலாம். செசன்ஸுக்கு 30 நாள். அங்கே முட்டுக்கட்டை பிரிவு 511. நடைமுறைப் பிழை மட்டும் தீர்ப்பைக் கவிழ்க்காது, அதனால் நீதி தவறியதென்று காட்ட வேண்டும். ஆட்சேபனையை உரிய கட்டத்தில் எழுப்பினார்களா என்றும் பார்ப்பார்கள். ரீகால் மனு போட்டது வீணில்லை என்பது இதனால்தான்.

பலர் கோட்டைவிடுவது அப்பீல் காரணங்களில். ‘இயற்கை நீதி மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் ஒன்றும் நடக்காது. அ.சா.3 போலீஸ் வாக்குமூலத்தில் கத்தி பற்றியே பேசவில்லை, கோர்ட்டில் கத்தியைப் பார்த்தேன் என்கிறார் என்று வையுங்கள். அந்த விடுபாட்டைக் குறுக்கு விசாரணையில் அவரிடமே கேட்டு, பிறகு புலனாய்வு அதிகாரி வாயிலாக நிரூபித்தால்தான் அது சாட்சியமாகும். கேட்கவே விடாததால் அது பதிவில் ஏறவில்லை. தீர்ப்பின் இன்ன பத்தி அந்தக் கத்தியை நம்பித்தான் தண்டிக்கிறது என்று பத்தி எண்ணோடு எழுதுங்கள்.

பரிகாரத்திலும் கவனம் வேண்டும். மறுவிசாரணை மிக அரிதாகவே கிடைக்கும். உகா கோல்ஹே வழக்கு (1963) தொட்டு அதே நிலைதான். பிரிவு 432-இன் கீழ் கூடுதல் சாட்சியத்தை மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள். செசன்ஸ் தானே அ.சா.3-ஐ விசாரிக்கலாம், மாஜிஸ்திரேட்டையும் பதிவு செய்யச் சொல்லலாம். வழக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பதில் 4
528 மனுவுக்கு ஒன்று. 348-இன் முதல் பாதி ‘அழைக்கலாம்’, பின் பாதி, நியாயமான முடிவுக்கு அந்தச் சாட்சியம் அவசியம் என்றால் ‘அழைத்தாக வேண்டும்’. வாதம் பின் பாதியில் நிற்கட்டும். அ.சா.3 சாட்சியத்தின் நகலை இணையுங்கள். ஒரே நாளில் குறுக்கு விசாரணையை முடிப்போம், சாட்சியின் செலவைக் கட்டுவோம் என்று உறுதிமொழியும் கொடுங்கள். இழுத்தடிக்கும் மனு என்ற சந்தேகம்தான் இவற்றில் முக்கால்வாசியைத் தோற்கடிக்கிறது.